இனாமாகத் தரகு செய்கிறவர் யார்?

கலியாணத் தரகருக்குக் கூலி உண்டு. காணித் தரகருக்கும் உண்டு. மாட்டுச் சந்தையிலே துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பவருக்கும் உண்டு. பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒரு சதமும் வாங்காமல் சம்பந்தம் பேசி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வாசலுக்கு வந்தால், நம் பாட்டிமார் அவரைத் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுத்துவிட்டு, ‘இவருக்கு இதிலே என்ன இலாபம்?’ என்று உள்ளே போய் ஆராயத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஆராய்ச்சியைப் பங்குத் தரகரிடமும் செய்யவேண்டிய காலம் இது. ஏனெனில், ஐக்கிய அமெரிக்காவின் பெரிய தரகு நிலையங்கள், பங்கு வாங்குவதற்கும் விற்பதற்கும் தரகு இல்லை என்று 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. அவை அதனால் நொடித்துப் போய்விடவில்லை.

இதனால் நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். நம்மவர் பிள்ளைகள் இலண்டனிலும் டொரொன்ரோவிலும் சிட்னியிலும் உழைக்கிறார்கள். மிச்சம் பிடித்த பணத்தை அவர்கள் முன்போல் காணியிலும் நகையிலும் மாத்திரம் போடுவதில்லை. ‘சுட்டெண் நிதி’ என்ற ஒன்றில் மாதந்தோறும் சிறிது சிறிதாகப் போட்டு வருகிறோம் என்று தொலைபேசியில் சொல்லுகிறார்கள். ஊரிலிருந்து கேட்கிற தாய் தகப்பனுக்கு அது சீட்டா, சூதா, வங்கியா என்பது விளங்குவதில்லை. வர்த்தகம் படிக்கும் மாணவருக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அதிலிருந்து யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்ற கணக்கைக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு நாட்டுப் பங்குச் சந்தையில் நூற்றுக்கணக்கான கம்பனிகள் உண்டு. அவற்றுள் எது வளரும், எது தேயும் என்று கணித்துப் பொறுக்கி வாங்குவது ஒரு வழி. பொறுக்குவதை விட்டு, சந்தையின் விலைச் சுட்டெண்ணில் இடம்பெறும் கம்பனிகள் அத்தனையிலும் அவற்றின் பெறுமதிக்கேற்ற அளவு வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில், பலருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தப்படுவதே சுட்டெண் நிதி. கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணைப் பத்திரிகையில் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் அவ்வாறு பெயர் பெற்றது, 500 பெருங் கம்பனிகளைக் கொண்ட எஸ். அன்ட் பி. 500 என்பது. இத்தகைய நிதிகளுள் பல, பங்குகளைப் போலவே சந்தையில் வாங்கி விற்கப்படுகின்றன, அவற்றை ஈ.ரி.எப். என்று சுருக்கிச் சொல்வர். நம் நாட்டுச் சம்பளக்காரருக்கு ஈ.ரி.எப். என்றால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியந்தான் நினைவுக்கு வரும். எழுத்து மூன்றும் ஒன்றே, பொருள் வேறு.

பங்குத் தரகின் வரலாற்றை ஒரு மரத்தடியிலிருந்து தொடங்குவது வழக்கம். 1792ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி நியூயோர்க் நகரத்து வோல் வீதியில் 24 தரகர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அங்கு நின்ற ‘பட்டன்வுட்’ மரத்தின் பெயராலேயே அவ்வுடன்படிக்கை இன்றும் வழங்குகிறது. அதன் சாரம் மிகச் சிறியது. தங்களுக்குள் ஒருவருக்கொருவர் முன்னிடம் கொடுப்பது. எவரிடமும் நூற்றுக்குக் கால் வீதத்திற் குறைந்த கூலி வாங்குவதில்லை. அவ்வளவே! நியூயோர்க் பங்குச் சந்தை இந்த வித்திலிருந்தே முளைத்தது. கூலியின் அளவு காலத்துக்குக் காலம் மாறிற்றெனினும், தரகர் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கூலியைக் குறைக்கலாகாது என்ற கட்டு 183 ஆண்டுகள் நிலைத்து நின்றது. எவரிடம் போனாலும் ஒரே கூலி என்றால், எவரிடம் போவது என்று ஆராய வேண்டிய தேவை ஏது?

அந்தக் கட்டு 1975ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி அரசாங்க ஆணைக்குழுவின் உத்தரவினால் அறுந்தது. அன்று முதல் தரகர் தாம் விரும்பிய கூலியை வைக்கலாமென்றாயிற்று. பெருந்தொகையாக வாங்கி விற்கும் நிலையங்களுக்குக் கூலி உடனே சரிந்தது. சிறியவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவே சரிந்தது. சார்ள்ஸ் ஷுவாப் போன்றோர் ‘ஆலோசனை இல்லை, கூலி குறைவு’ என்று கடை விரித்தது அக்காலத்திலேதான். இலண்டனில் இதே மாற்றம் 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் தேதி வந்தது. அதை அங்குள்ளோர் ‘பெரு வெடி’ என்றே இன்றும் குறிப்பிடுவர்.

1975 மே முதலாந் தேதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதே நாளில் ‘வான்காட்’ என்னும் நிதி நிலையம் தன் அலுவல்களைத் தொடங்கிற்று. அதை நிறுவியவர் ஜோன் போகிள். பழைய நிலையத்தின் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டபின் அவர் இதனை அமைத்தார். இந்நிலையத்துக்கு வெளியே பங்குதாரர் இல்லை. அது நடத்தும் நிதிகளே அதன் சொந்தக்காரர், அந்நிதிகளில் பணம் போட்டவர்களே அந்நிதிகளின் சொந்தக்காரர். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடையை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு எளிதில் விளங்கும். இலாபம் என்று மிஞ்சுவது கூலிக் குறைப்பாக அங்கத்தவரிடமே திரும்பி வரும்.

பொறுக்கி வாங்கும் நிபுணர்களிற் பெரும்பாலோர் நீண்டகாலத்தில் சந்தையின் சராசரியை வெல்லுவதில்லை என்று பேராசிரியர் போல் சாமுவேல்சன் 1974இல் ஒரு கட்டுரையில் சவால் விட்டிருந்தார். அதைப் படித்துத் துணிவு கொண்ட போகிள், 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பொதுமக்களுக்கான முதலாவது சுட்டெண் நிதியை வெளியிட்டார். 150 மில்லியன் டொலர் சேருமென்று எதிர்பார்க்கப்பட்டது. சேர்ந்ததோ 11.3 மில்லியன். பணம் சேர்த்துக் கொடுக்க முன்வந்த நிலையங்களே, இதைக் கைவிட்டுவிடலாமா என்று கேட்டன. 500 கம்பனிகளின் பங்குகளையும் உரிய அளவில் வாங்க அத்தொகை போதவில்லை. ஆகையால் ஏறக்குறைய 280 கம்பனிகளின் பங்குகளை மாத்திரம் வாங்கிக்கொண்டு அந்நிதி தொடங்கிற்று. ‘போகிளின் பைத்தியக்காரத்தனம்’ என்று வோல் வீதியார் நகைத்தனர். 2019 சனவரியில் அவர் காலமானபோது அந்த நகைப்பு மறைந்து நெடுங்காலமாகியிருந்தது.

அவர் கண்ட கணக்கு மிக எளியது. சந்தையிலுள்ள அனைவரும் சேர்ந்து பெறும் இலாபம் சந்தையின் இலாபமே. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. ஒருவர் சராசரிக்கு மேலே பெற்றால் இன்னொருவர் கீழே பெற்றாகவேண்டும். அந்தப் பொது இலாபத்திலிருந்து தரகர் கூலி, நிருவாகக் கூலி, ஆலோசகர் கூலி எல்லாம் கழிந்த பின்னரே முதலிட்டவரின் கைக்கு வரும். ஆகவே கூலி குறைந்தவருக்கு மிச்சம் கூடும். இதைச் சோதிக்க வொரன் பஃபெட் என்னும் செல்வர் 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு பந்தயங் கட்டினார். பெருங் கூலி வாங்கும் நிபுணர்களின் நிதிகள் பலவற்றை உள்ளடக்கிய ஐந்து கூட்டு நிதிகள் ஒரு பக்கம். வான்காட் நிலையத்தின் சுட்டெண் நிதி மறு பக்கம். பத்தாண்டு கழித்து 2017 முடிவில் கணக்குப் பார்த்தபோது சுட்டெண் நிதி நூற்றுக்கு 125.8 வளர்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்து ஐந்தில் மிகச் சிறந்தது 87.7. மற்ற நான்கும் அதன் பாதியையும் எட்டவில்லை.

இனி, இனாமாகத் தரகு செய்கிறவரின் இலாபத்தைப் பார்ப்போம்.

முதலாவது, சும்மா கிடக்கும் காசு. தரகரிடம் பணம் அனுப்பிவிட்டுப் பங்கு வாங்காமல் வைத்திருப்பவர் பலர். அந்தப் பணத்தைத் தரகு நிலையம் தன் வங்கியிலே வைத்து, வாடிக்கையாளருக்குச் சொற்ப வட்டி கொடுத்து, தான் அதிக வட்டி சம்பாதிக்கிறது. தரகை ஒழித்த ஷுவாப் நிலையத்தின் வருமானத்தில் மிகப் பெரிய பகுதி இந்த வட்டி வித்தியாசமே.

இரண்டாவது சற்று நூதனமானது. உல்லாசப் பிரயாணியைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் சாரதி, இடையிலே ஓர் இரத்தினக்கல் கடை வாசலில் காரை நிறுத்துவதைக் கண்டிருப்பீர்கள். பிரயாணி அவருக்கு வேறாக ஒன்றுங் கொடுப்பதில்லை; கடைக்காரர் கொடுக்கிறார். அமெரிக்கத் தரகர் பலரும் வாடிக்கையாளரின் கட்டளைகளை இவ்வாறே பெரிய பங்கு வியாபாரிகளிடம் திருப்பிவிட்டு, அவர்களிடமிருந்து பணம் பெறுகின்றனர். வியாபாரி தன் இலாபத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் எடுத்துக்கொள்ளுவார். 2020 டிசெம்பரில் ‘ரொபின்ஹூட்’ என்னும் நிலையத்தின்மீது அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு ஒரு குற்றச்சாட்டைக் கொணர்ந்தது. தன் வருமானம் எங்கிருந்து வருகிறதென்பதை அந்நிலையம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பது அதன் ஒரு பகுதி. தரகு மிச்சமானதைக் கழித்துப் பார்த்தாலும், நல்ல விலை கிடைக்காமையால் வாடிக்கையாளர் 34.1 மில்லியன் டொலர் இழந்தனர் என்று ஆணைக்குழு கணக்குக் காட்டியது. நிலையம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 65 மில்லியன் டொலர் செலுத்தி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. பிரித்தானியாவில் இவ்வழக்கம் 2012 முதலே நடைமுறையில் தடுக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதனைத் தடைசெய்து, இவ்வழக்கம் ஏற்கெனவே உள்ள அங்கத்துவ நாடுகள் விரும்பினால் 2026 யூன் 30 வரை விலக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தவணை கொடுத்தது.

இவ்வளவுஞ் சொன்னாலும், மாதம் ஒருமுறை பெரிய சுட்டெண் நிதியொன்றை வாங்கிவிட்டு அதைத் தொடாமல் வைத்திருப்பவருக்கு இந்த இனாம் மெய்யான இனாமே என்பது எனது அபிப்பிராயம். முன்னர் ஒரு தடவைக்கு 4.95 டொலர் தரகு. 100 டொலருக்கு வாங்குபவரிடம் நூற்றுக்கு ஐந்து வீதம் வாசலிலேயே போய்விடும். இப்பொழுது அது இல்லை. பெரிய நிதிகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மிக அற்பம். காசைச் சும்மா போட்டு வைக்காமலும், இனாமாயிற்றே என்று தினந்தோறும் வாங்கி விற்காமலும் இருப்பவரிடம் தரகருக்குப் பெரிதாக ஒன்றும் பெயராது. அவருக்கு இலாபந் தருகிறவர்கள் மற்றவர்கள்.

ஆனால் தரகு என்பது வாங்கும்போது ஒரு தரம் கொடுப்பது. ஆண்டுதோறும் கொடுப்பது வேறொன்று உண்டு. நிதியை நடத்துவதற்கான வருஷாந்தக் கூலி அது. எவரும் பற்றுச்சீட்டு அனுப்பமாட்டார்கள். நிதியின் பெறுமதியிலிருந்து நாளுக்கு நாள் சத்தமின்றிக் கழித்துக்கொள்ளப்படும். வான்காட் நடத்தும் எஸ். அன்ட் பி. 500 ஈ.ரி.எப். நிதிக்கு அது நூற்றுக்கு 0.03 வீதம். அதாவது 10,000 டொலர் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 3 டொலர் கொடுக்கிறார். பொறுக்கி வாங்கும் நிதி ஒன்று நூற்றுக்கு ஒரு வீதம் வாங்கினால் அது 100 டொலர்.

ஒரு வீதந்தானே என்று நினைப்போருக்காக ஒரு கணக்கு. 100,000 டொலர் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதப்படி கூட்டு வட்டிபோல் வளர்ந்தால் 30 ஆண்டில் ஏறக்குறைய 574,000 டொலராகும். அதிலே ஆண்டுதோறும் ஒரு வீதம் கூலியாகப் போய் ஐந்து வீதமே மிஞ்சினால் 432,000 டொலர். வித்தியாசம் 142,000. போட்ட முதலைவிட அதிகமான தொகை கூலியிலும், அந்தக் கூலி குட்டி போட்டிருக்கவேண்டிய வட்டியிலும் கரைந்துவிடுகிறது. மாணவர்கள் பென்சிலை எடுத்துத் தாமே போட்டுப் பார்க்கலாம், 1.06ஐயும் 1.05ஐயும் முப்பது தரம் பெருக்கவேண்டும்.

இலண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கூலியும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் இல்லாத ‘கணக்குக் கூலி’ அது. நிதியை நடத்தும் நிலையத்துக்கு ஒரு கூலி, அந்த நிதியை நம் பெயரில் வைத்துப் பராமரிக்கும் தரகு நிலையத்துக்கு ஒரு கூலி என்று அங்கே இரண்டு. சில நிலையங்கள் வைத்திருக்கும் தொகைக்கு இத்தனை வீதம் என்று வாங்குகின்றன. சில மாதத்துக்கு இத்தனை பவுண் என்று நிலையாக வாங்குகின்றன. எது மலிவு என்பது நம்மிடமுள்ள தொகையைப் பொறுத்தது. இங்கேதான் பலர் சறுக்குகின்றனர்.

உதாரணமாக, ஒரு நிலையம் நூற்றுக்கு 0.45 வீதமும் இன்னொரு நிலையம் மாதம் 10 பவுணும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இலண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை தொடங்கி 1,000 பவுண் சேர்த்திருக்கும் ஒரு பெண்ணுக்கு முதலாவது நிலையம் ஆண்டுக்கு நாலரைப் பவுண் எடுக்கும். இரண்டாவது 120 பவுண் எடுக்கும். அதே பெண் இருபது வருஷம் உழைத்து 100,000 பவுண் சேர்த்தபின் முதலாவது நிலையத்துக்கு ஆண்டுக்கு 450 பவுண் போகும். இரண்டாவதற்கு அதே 120. இரண்டுஞ் சமமாகும் இடம் 26,700 பவுண் அளவில் வருகிறது. தொடங்கியபோது மலிவாயிருந்த வீடு பின்னர் விலையேறியதாகிறது. எனினும் பெரும்பாலோர் தொடங்கிய இடத்திலேயே இருந்துவிடுகின்றனர்.

கூட்டுறவுக் கடை போன்றதென்று மேலே நான் புகழ்ந்த வான்காட் நிலையமே இதற்கு விலக்கன்று. பிரித்தானியாவில் அது நெடுங்காலம் நூற்றுக்கு 0.15 வீதமும், எவ்வளவு பெரிய தொகையாயினும் ஆண்டுக்கு 375 பவுணுக்கு மேற்படாமலும் வாங்கி வந்தது. 2025 சனவரி முடிவிலிருந்து, 32,000 பவுணுக்குக் குறைவாக வைத்திருப்போர் பொதுவாக மாதம் 4 பவுண் கொடுக்கவேண்டுமென்று மாற்றியது. ஆண்டுக்கு 48 பவுண். 1,000 பவுண் வைத்திருப்பவருக்கு இது நூற்றுக்கு 4.8 வீதம்! முன்னர் அவர் கொடுத்தது ஒன்றரைப் பவுண். சிறிய கணக்குகளைப் பேணும் செலவு நிலையத்துக்கு உண்டென்பது நியாயமே; ஆயினும் அந்த நியாயத்தின் பாரம் புதிதாகச் சேமிக்கத் தொடங்கிய இளையவர் தோளில் இறங்கியிருக்கிறது.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுச் சந்தையில் வாங்குவோருக்கு நாணய மாற்றுக் கூலி ஒன்று புறம்பாக உண்டு. கொழும்புக் கோட்டையில் நாணயம் மாற்றும் கடைகளின் பலகையில் ‘வாங்கும் விலை’, ‘விற்கும் விலை’ என்று இரண்டு வரிசை எழுதியிருக்கும். அவ்விரண்டுக்கும் நடுவிலேதான் கடைக்காரரின் சீவியம். ‘தரகு இல்லை’ என்று விளம்பரஞ் செய்யும் தரகர் சிலர் இந்த இடத்திலே நூற்றுக்கு ஒரு வீதமளவில் எடுத்துக்கொள்ளுகின்றனர். அவர்களின் பலகையில் இரண்டு வரிசையும் இராது. பல நாட்டாருக்கும் சேவை செய்யும் ‘இன்ரராக்டிவ் புரோக்கர்ஸ்’ என்ற அமெரிக்க நிலையம் இதற்கு நூற்றுக்கு 0.002 வீதமும், குறைந்தபட்சம் 2 டொலரும் வாங்குகிறது. 10,000 டொலர் மாற்றுபவருக்கு ஓரிடத்தில் 100 டொலர், ஓரிடத்தில் 2 டொலர். ஆனால் 50 டொலர் மாத்திரம் மாற்றுபவருக்கு அந்த 2 டொலரே நூற்றுக்கு நாலு வீதமாகிவிடும். மாதந்தோறும் மாற்றாமல் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து மாற்றுவது இதனாலேயே.

வரி தரகரின் கூலியன்று. ஆனால் எந்த நாட்டு நிதியை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அமெரிக்கரல்லாதோர் அமெரிக்க நிதியை நேரே வாங்கினால், உடன்படிக்கை எதுவுமில்லாதவிடத்து, பங்கிலாபத்தில் நூற்றுக்கு 30 வீதம் மூலத்திலேயே பிடிக்கப்படும். அதைவிடப் பாரதூரமான ஒன்றை வயது சென்றோர் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் வசியாத அந்நியர் ஒருவர் 60,000 டொலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்தை விட்டு இறந்தால், மிகுதிக்கு மரண வரி உண்டு. அது நூற்றுக்கு 40 வரை ஏறலாம். இதே அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் அயர்லாந்து நாட்டு நிதிகளை வாங்குவோருக்கு அந்த மரண வரி இல்லை. பங்கிலாபத்திலும் நிதிக்குள்ளேயே 15 வீதந்தான் பிடிக்கப்படும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேமிப்போர் பலர் டப்ளின் நகரத்து நிதிகளை நாடுவதன் இரகசியம் இதுவே.

வெளிநாட்டுக் கணக்குகளைப் பார்த்த கண்ணோடு கொழும்பையும் பார்த்துவிடலாம். தேயிலைக் கம்பனிப் பங்குகளை விற்க 1896ஆம் ஆண்டில் தரகர் சங்கம் அமைத்த நகரம் இது. இங்கே தரகு இன்னும் இனாமாகவில்லை. ஒளிவு மறைவும் இல்லை. 2024ஆம் ஆண்டில் இருந்த வீதப்படி, பத்துக் கோடி ரூபா வரையிலான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தக் கூலி நூற்றுக்கு 1.12 வீதம். 100,000 ரூபாவுக்குப் பங்கு வாங்குபவரிடம் 1,120 ரூபா அறவிடப்படும். அதில் தரகருக்கு 640, அரசாங்கத்தின் பங்குக் கொடுக்கல் வாங்கல் வரிக்கு 300, பங்குச் சந்தைக்கு 84, ஆணைக்குழுவுக்கு 72, பங்குகளைப் பதிந்து வைக்கும் மத்திய வைப்பகத்துக்கு 24. விற்கும்போதும் அதே வீதம். விலை மாறவில்லையென்று கொண்டால், வாங்கிப் பத்து ஆண்டு வைத்திருந்து விற்பவர் இரண்டு முறையும் சேர்த்து 2,240 ரூபா, அதாவது ஆண்டுக்கு 224 ரூபா கொடுக்கிறார். அதே 100,000 ரூபாவை மாதம் ஒரு பங்காக மாற்றி மாற்றி வாங்கி விற்பவர் ஒரே ஆண்டில் 26,880 ரூபா கொடுக்கிறார்.